மலை தாண்டும் கள்ளச்சரக்கு: உங்கள் ஃபேன்டஸி கேம்பெய்னில் கடத்தல் பாதை அமைக்க முழுமையான வழிகாட்டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் இது. பல நாள் தொடரும் கதைதான் கேம்பெய்ன், கதை சொல்வது நான். முதல் தடவை ஒரு கடத்தல் கதையை ஆட வைப்பதற்காக மூன்று வாரம் உட்கார்ந்து மேப் வரைந்தேன். ஏழு பாதைகள், இரண்டு தொங்குபாலம், குள்ளர்கள் கைவிட்ட ஒரு சுரங்கம், எல்லாம் கலர் பென்சிலில். ஆட்டம் தொடங்கி இருபதாவது நிமிஷம் ரோக் (திருட்டுக் கைவரிசை உள்ள பாத்திரம்) ஆடும் தோழி கேட்டாள், "கணவாயில் சுங்கம் எவ்வளவு?" நான் யோசிக்காமல் "தலைக்கு இரண்டு வெள்ளிக்காசு" என்றேன். "அதைக் கட்டிவிட்டுப் போய்விடலாமே?" கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மேப் இன்னும் அலமாரியில் சுருட்டியபடி கிடக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி மலையிலிருந்து தொடங்காது, விலையிலிருந்து தொடங்கும். நான் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, கணக்கெல்லாம் அதன்படி. வேறு சிஸ்டம் ஆடுகிறவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டுக்கு என் உலகத்தையே எடுத்துக்கொள்கிறேன்: மேற்கே கடலோரமாக உப்பளங்கள் நிறைந்த கழிநாடு, கிழக்கே உப்பே விளையாத மேட்டுநாடு, நடுவில் ஊமைமலை.

படி 1: வரியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பொருள் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. அந்த வித்தியாசம் ஒரு ஆளை இரவில் முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு பாறை ஏற வைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் என் தோழி செய்ததைத்தான் உங்கள் ஆட்டக்காரர்களும் செய்வார்கள்.

நிஜத்தில் இதற்கு நான் பார்த்த மிக நல்ல மாதிரி பிரான்சின் உப்பு வரி. கபேல் என்று பெயர், இந்த வடிவில் 1790 வரை இருந்தது. நாடு முழுக்க ஒரே வரி கிடையாது. பிரிட்டனி மாகாணத்துக்கு விலக்கு, அதை ஒட்டிய மாகாணங்களில் அதே உப்பு இருபது மடங்குக்கும் மேல் விலை. கொடுமை என்னவென்றால் வரி அதிகமுள்ள பகுதிகளில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இத்தனை உப்பு என்று வாங்கியே தீர வேண்டும், வேண்டாம் என்றுகூடச் சொல்ல முடியாது. இதை அப்படியே உங்கள் உலகத்துக்குள் தூக்கிப் போடுங்கள், ஊரே கடத்தல்காரன் பக்கம் நிற்பதற்குத் தனியாகக் காரணம் எழுத வேண்டாம். தேனிப் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. இங்கே ரேஷனில் சும்மா கிடைக்கிற அரிசி கம்பம்மெட்டு ஏறிக் கேரளா போனதும் காசாகிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வரி தவிர வேறு காரணங்களும் வேலை செய்யும்: தடை செய்த பொருள், போர்க்காலப் பஞ்சம், ஒரு கோயிலுக்கு மட்டுமே உரிமையுள்ள தூபம். ஆனால் முதல் கேம்பெய்னுக்கு வரி போதும், கணக்குப் போட எளிது.

படி 2: ஒரு முதுகுச் சுமையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஆல்ப்ஸ் மலையில், இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே, ஸ்பல்லோனி என்ற கூட்டம் இருந்தது. தோளில் சுமக்கிறவர்கள் என்று பொருள். சாக்கில் கட்டிய சதுரப் பொதி ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு காபி, சிகரெட் எல்லாம் இத்தாலிக்குள் கொண்டுபோவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஓட்டம் திரும்பிவிட்டது, இத்தாலியிலிருந்து அரிசி சுவிட்சர்லாந்துக்குப் போயிற்று. பாதையும் ஆட்களும் அதேதான், சரக்கும் திசையும் மட்டும் மாறின.

என் கணக்குக்கு ஒரு பொதி முப்பது கிலோ, அதாவது 66 பவுண்டு. விதிப்புத்தகத்தின் விலைப்பட்டியலில் உப்பு பவுண்டு 5 செம்புக்காசு, மிளகு 2 பொற்காசு, குங்குமப்பூ 15 பொற்காசு (நூறு செம்பு அல்லது பத்து வெள்ளி சேர்ந்தால் ஒரு பொற்காசு). அப்படியானால் ஒரு பொதி உப்பு மூன்று பொற்காசு சொச்சம், மிளகு 132, குங்குமப்பூ 990. பார்த்தவுடன் எல்லோரும் குங்குமப்பூவுக்குத்தான் ஓடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். குங்குமப்பூவை வாங்க முதல் வேண்டும், வாங்குகிற பணக்காரர்கள் பத்துப் பேர்தான், அவர்கள் பெயர் சுங்க அதிகாரிக்கும் தெரியும். உப்பை வாங்குவது ஊர் முழுக்க. மேட்டுநாட்டில் இருபது மடங்கு என்றால் ஒரு பொதி அரசாங்கக் கடையில் 66 பொற்காசு. கள்ள உப்பு அதில் பாதிக்கு, 33க்குப் போகும். வாங்கிய காசு, வழிகாட்டி, மாமூல், இரண்டு பக்க வியாபாரிகள் எல்லாம் போக, சுமந்தவன் கையில் 3 பொற்காசு வருகிறது என்று வையுங்கள். விதிப்புத்தகத்தில் சாதாரணக் கூலியாளுக்கு நாளுக்கு 2 வெள்ளி. ஒரே இரவில் பதினைந்து நாள் கூலி! ஊரில் இருக்கிற ஒவ்வொரு இளைஞனும் ஏன் இரவில் வீட்டில் இல்லை என்பது இப்போது புரிந்துவிட்டது.

இந்த ஒரு பத்தியை நீங்கள் எழுதி முடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, நிஜமாகவே.

படி 3: மூன்று பாதைகள் போதும்

ஏழு வேண்டாம். ஒவ்வொரு பாதைக்கும் அதில் போகக்கூடாது என்பதற்கு ஒரு வலுவான காரணம் இருக்க வேண்டும். என் ஊமைமலையில் ராஜபாட்டை 1,900 மீட்டரில் கடக்கிறது, மாட்டு வண்டியே போகும், ஆனால் சுங்கச்சாவடி அங்கேதான். ஆட்டுத்தடம் 2,700 மீட்டர், மேய்ப்பவர்களின் வழி, யார் கண்ணிலும் படாமல் போக முடியாது. ஊசிக்காது 3,400 மீட்டர், கோடையின் கடைசி இரண்டு மாதம்தான் திறந்திருக்கும், காவல் கிடையாது, தேவையும் இல்லை. மலையே காவல்.

உயரத்தை எண்ணாக எழுதி வைப்பதில் ஒரு லாபம் உண்டு, மற்ற எல்லாம் தானாக வந்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குளிர் கூடும். அடிவாரம் 600 மீட்டரில் 20 டிகிரி இருந்தால் ஊசிக்காதில் 2 டிகிரிதான், அதுவும் காற்றில்லாமல். 2,500 மீட்டருக்கு மேல் பழக்கமில்லாதவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தொடங்கலாம். விதிப்படியும் பத்தாயிரம் அடிக்கு மேல், அதாவது சுமார் 3,050 மீட்டருக்கு மேல், ஒரு மணி நேர நடை இரண்டு மணி நேரமாகக் கணக்கு. ஊசிக்காது அதில் மாட்டும், ஆட்டுத்தடம் மாட்டாது. பாருங்கள், பாதையைத் தேர்ந்தெடுப்பதே இப்போது ஒரு முடிவாகிவிட்டது.

நடை நேரத்துக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது, இன்றும் மலையேறுகிறவர்கள் பயன்படுத்துவதுதான்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஆட்டுத்தடத்தில் மலைமேல் இருக்கும் கடைசிக் கிராமத்திலிருந்து எல்லைக்கு 12 கிலோமீட்டர், 1,200 மீட்டர் ஏற்றம். நாலரை மணி நேரம் வரும். சுமை, இருட்டு, பேசக்கூடாது, விளக்குக் கூடாது. நான் இரண்டால் பெருக்கிவிடுவேன். ஒன்பது மணி நேரம். இலையுதிர்காலத் தொடக்கத்தில் முழு இருட்டு பத்து, பதினொரு மணி நேரம்தான். ஒரே ஒரு தடங்கல் வந்தாலும் விடியல் பாறை மேலேயே பிடித்துவிடும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெளிந்த நாளில் மலைச்சரிவில் பகலில் காற்று கீழிருந்து மேலே ஏறும், இரவில் குளிர்ந்து மேலிருந்து கீழே இறங்கும். அதாவது இரவில் காவல் நாய் கீழே இருந்தால், மேலே போகிற உங்கள் ஆட்களின் வாசனை அதன் மூக்குக்கே இறங்கி வரும். இதை ரேஞ்சர் (காடு மலை அறிந்த பாத்திரம்) ஆடுகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் அதைப் பெருமையாக மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது உங்கள் வேலை மிச்சம். பனிச்சரிவு என்றால் 30 முதல் 45 டிகிரி சாய்வுகளைச் சந்தேகப்பட வைக்க வேண்டும், வெயில் ஏறுவதற்கு முன் உறைந்து கிடக்கும்போதே கடக்க வேண்டும்.

படி 4: யார் சுமப்பது

விதிப்புத்தகத்துக் கோவேறு கழுதை 420 பவுண்டு, கிட்டத்தட்ட 190 கிலோ தூக்கும். சமவெளியில் வேண்டுமானால் தூக்கட்டும். மலையில் நிஜக் கோவேறு கழுதைக்கு எண்பது கிலோ சுற்றிதான் வைப்பார்கள், நானும் அதையே வைக்கிறேன். யாக் உயரத்தில் ராஜா, கீழே இறக்கினால் நோஞ்சான். இமயமலை உப்பு வியாபாரத்தில் ஆடுகளே ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ பையைச் சுமந்து மந்தையாக நடக்கும். ஆட்டு மந்தையைவிட நல்ல வேஷம் கடத்தல்காரனுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள். பிரான்சில் நாய்களைக்கூட உப்புச் சுமக்கப் பழக்கினார்கள்.

மனிதர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். சீனாவின் சிச்சுவானில் தேயிலைச் செங்கல் சுமந்து திபெத்துப் பக்கம் ஏறிய கூலிகளின் 1908ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று உண்டு. ஒருவர் முதுகில் 317 பவுண்டு, மற்றவர் முதுகில் 298. அவர்கள் உட்கார்ந்தால் எழ முடியாது, அதனால் கையிலிருக்கும் முட்டுக்கட்டையைச் சுமைக்கு அடியில் கொடுத்து நின்றபடியே இளைப்பாறுவார்கள்.

நம் ஊரில் அதற்குத்தான் சுமைதாங்கிக் கல். இரண்டு கல் நட்டு மேலே ஒன்றைக் கிடத்தி, தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றுகிற உயரத்தில் வைத்திருப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே இறந்துபோன கர்ப்பிணிகள் நினைவாக நட்டவை நிறைய. இதை நான் ஆட்டத்தில் ஒரு துப்பாக வைத்தேன்: ஆடு மட்டுமே போவதாகச் சொல்கிற தடத்தில், தோள் உயரத்தில் ஒரு சுமைதாங்கி. ஆட்டுக்கு எதற்குச் சுமைதாங்கி? அந்த ஒரு கேள்வியை ஆட்டக்காரர்கள் கேட்ட கணம்தான் அந்தக் கேம்பெய்னிலேயே எனக்குப் பிடித்த கணம். நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: காவலனுக்கும் ஒரு வயிறு உண்டு

காவலர்களை ஹெல்மெட் போட்ட பொம்மைகளாக வைத்தால் ஆட்டம் சண்டையில்தான் முடியும். அவர்களுக்கு எப்படிச் சம்பளம் என்று முடிவு செய்யுங்கள். என் உலகத்தில் பிடிபட்ட சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு காவல்படைக்கு. உடனே என்ன ஆகிறது? காவலனுக்கு ஆளைவிடச் சரக்கு முக்கியம். துரத்தல் வந்தால் தோள்வாரை அறுத்துப் பொதியைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் பெரும்பாலும் தப்பிவிடுவான். ஸ்பல்லோனிகளும் அப்படி அறுப்பதற்கென்றே ஒரு வளைந்த சிறு கத்தி வைத்திருந்தார்கள். இப்போது ஆட்டக்காரருக்கு நல்ல தலைவலி: 33 பொற்காசுச் சரக்கை இப்போதே அறுப்பதா, இன்னும் ஒரு திருப்பம் வரை ஓடிப் பார்ப்பதா?

ஸ்பல்லோனிகள் சத்தம் கேட்காமல் இருக்கச் சணல் சாக்கில் தைத்த காலணி போடுவார்கள். எதிர்ப்பக்கம் இத்தாலியக் காவல் எல்லை நெடுக மணி கட்டிய கம்பிவலை போட்டது. சாக்குச் செருப்பும் மணியும், இரண்டுமே ஐந்து காசு விஷயம். மாயக் கண்ணாடி, பேசும் சிலை எல்லாம் வைப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

வேலி பெரிதாக வேண்டுமா? நம் நாட்டிலேயே இருந்தது. ஆங்கிலேயர் உப்பு வரிக்காக உள்நாட்டுச் சுங்கக் கோடு ஒன்றை இமயமலைப் பக்கத்திலிருந்து ஒடிசா வரை இழுத்தார்கள். அதில் பல நூறு மைல் தூரம் கருவேலமும் இலந்தையும் களாவும் சப்பாத்திக்கள்ளியும் சேர்ந்த உயிர்வேலி, ஆயிரக்கணக்கான காவலாட்கள். 1879இல் கைவிட்டார்கள். ஃபேன்டஸி என்பதால் உங்கள் வேலிக்குப் பசிகூட எடுக்கலாம், நான் தடுக்கவில்லை.

எல்லைக்கோட்டின் மதிப்பை மறந்துவிடாதீர்கள். லூயி மாந்த்ரேன் என்ற பிரெஞ்சுக் கடத்தல் தலைவன் புகையிலையும் துணியும் கொண்டுவந்து பட்டப்பகலில் ஊருக்குள்ளேயே விற்றவன். துரத்தினால் எல்லை தாண்டிச் சவோய் போய்விடுவான், அது வேறு அரசு. 1755இல் வரிக் குத்தகைக்காரர்களின் ஆட்கள் மாறுவேஷத்தில் எல்லை தாண்டிப் போய் அவனைத் தூக்கி வந்தார்கள். அந்த அரசு முறையிட்டது, ஆனால் மே 26 அன்று வாலான்ஸ் நகரில் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது. இதில் உங்களுக்கு ஒரு முழு ஆர்க், அதாவது பல ஆட்டங்களுக்கு நீளும் கதை, இருக்கிறது. எல்லை தாண்டிவிட்டோம் என்று ஆட்டக்காரர்கள் மூச்சுவிடும் இடத்தில், பத்து செஷனுக்குப் பிறகு, ஒரே ஒரு முறை, காவல் அதைத் தாண்டட்டும். ஒரே ஒரு முறைதான். இரண்டாவது தடவை செய்தால் எல்லைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

படி 6: "டெலிபோர்ட் பண்ணினால் என்ன?"

கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும்.

டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள் என்பது வட்டம் வரைந்து நொடியில் வேறிடம் போகிற மந்திரம். அதற்கு ஒவ்வொரு முறையும் 50 பொற்காசுப் பொருள் செலவு, அதோடு போய்ச் சேருகிற நிரந்தர வட்டம் ஒன்று வேண்டும். நிரந்தர வட்டங்கள் கோயிலிலும் அரண்மனையிலும்தான் இருக்கும், உப்பு மூட்டையோடு அங்கே போய் இறங்க முடியுமா? பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மாயப் பை இன்னும் பெரிய தொல்லை, 500 பவுண்டு விழுங்கிவிடும். நான் அதைத் தடை செய்யவில்லை. சுங்கச்சாவடியில் டிடெக்ட் மேஜிக் (மாயத்தைக் கண்டறியும் மந்திரம்) தெரிந்த ஒரு சோம்பேறிப் பூசாரியை உட்கார வைத்தேன், அவ்வளவுதான். முப்பது அடிக்குள் மாயப் பை வந்தாலே தெரிந்துவிடும். மெல்லிய ஈயத்தகடு சுற்றினால் தெரியாது, சரி, ஆனால் ஈயம் வாங்குகிறவர்கள் பட்டியலைக் கொல்லரிடம் வாங்கி வைத்திருக்கிறாள் சுங்க அதிகாரி. இதன் விளைவு எனக்கே பிடித்துப்போயிற்று. மாயம் ஒட்டாத சாதாரணக் கூலியாள்தான் இந்த மலையில் எல்லோரையும்விடப் பாதுகாப்பானவன். மந்திரவாதி பெரிய ஆளாக இருக்கிற உலகத்திலும் சாக்குச் செருப்புக்கு வேலை இருக்கிறது.

பாஸ் விதவுட் டிரேஸ் மந்திரம் ஒளிந்து நகர்வதற்குப் பத்து எண்ணைக் கூட்டித் தருகிறது. ஆனால் ஒரு மணி நேரம்தான். நடை ஒன்பது மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை எங்கே செலவழிப்பீர்கள் என்று கேளுங்கள், விவாதம் தானே நடக்கும்.

படி 7: அந்த இரவை ஆடுவது

காவல் சுற்று வரும்போதெல்லாம் ஐந்து பேரையும் ஸ்டெல்த், அதாவது ஒளிந்து நகரும் திறமைக்கான பகடை, உருட்டச் சொல்லாதீர்கள். ஆளுக்கு நூற்றுக்கு எழுபது வாய்ப்பு இருந்தாலும் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் தேறுவது நூற்றுக்குப் பதினேழு தடவைதான். இரவில் மூன்று தடவை உருட்டினால் மாட்டுவது உறுதி. குழுவாக உருட்டி, பாதிப் பேர் தேறினால் போதும் என்கிற விதியைப் பயன்படுத்துங்கள். இரவு முழுக்க இரண்டே தடவை.

மற்றதற்கு நான் புளியங்கொட்டை வைக்கிறேன். மேசை நடுவில் பதினொன்று. ஒவ்வொன்றும் ஒரு மணி நேர இருட்டு. ஒன்பது நடைக்குப் போய்விடும், மிச்சம் இரண்டுதான் கையில். சுற்றுக்காவல் போகும்வரை பாறை மறைவில் காத்திருக்க ஒன்று. கால் சுளுக்கியவரின் சுமையைப் பிரித்துக் கட்ட ஒன்று. நான் ஒன்றும் பேச மாட்டேன், கொட்டையை எடுத்து டப்பாவில் போடுவேன். அந்தச் சத்தம் எந்த டிராகனையும்விட மேசையை அமைதியாக்கும். கொட்டை தீர்ந்தபின் வெளிச்சம், அதன்பிறகு பகல் முழுக்க எங்காவது ஒளிந்து கிடக்க வேண்டும், குளிரில், தீ மூட்டாமல். களைப்பு ஒரு படி ஏறும். விதிப்படி ஆறாவது படியில் சாவு.

வழிகாட்டி ஒருவர் கண்டிப்பாக வேண்டும், அவர் வாயில் இடப்பெயர்களைக் கொடுங்கள். "கிழவி மடி தாண்டினால் பேசாதே, மூத்திரப் பாறையில் இடது பக்கம்" என்கிற மாதிரி. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லை மலைப்பகுதியில் வாழும் பாஸ்க் மக்கள் கடத்தலை இரவு வேலை என்றே சொல்வார்கள். திருட்டு, குற்றம் என்ற வார்த்தையே வராது. என் ஊமைமலைக் கிராமத்தில் "மேலே போயிருக்கான்" என்பார்கள். எந்த அதிகாரி கேட்டாலும் அதே பதில்தான், "ஆடு தேடி மேலே போயிருக்கான் சாமி."

படி 8: கிராமம்

பாதை உயிரோடு இருப்பது கிராமத்தால்தான். யார் வீட்டுப் பரணில் சரக்கு, எந்த மருமகள் எந்த நிறச் சேலையைக் கொடியில் போட்டால் காவல் வந்திருக்கிறது என்று பொருள், எந்த வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறார். மூன்று வீடுகளை மட்டும் நன்றாக எழுதுங்கள். பாதையைச் சுங்கத்திடம் காட்டிக்கொடுப்பவர் இந்த மூன்றில் ஒருவராக இருக்கட்டும், அவருக்கு நியாயமான காரணமும் இருக்கட்டும். என் கிராமத்தில் அது மகனை ஊசிக்காதில் பறிகொடுத்த அம்மா. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், ஆனால் ஒருவராலும் அவரைத் தண்டிக்க முடியவில்லை.

படி 9: வரி போய்விட்டால்

இதை யாரும் திட்டமிடுவதில்லை, நானும் திட்டமிடவில்லை. எங்கள் குழு பன்னிரண்டாவது செஷனில் மேட்டுநாட்டு ராணியின் உயிரைக் காப்பாற்றியது, என்ன வரம் வேண்டும் என்று கேட்டாள், பாலடின் (சபதம் ஏற்ற வீரர்) ஆடுகிறவர் எழுந்து நின்று உப்பு வரியை ஒழிக்கச் சொன்னார். முதலாம் குலோத்துங்கனுக்குச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பெயர் வந்த நாட்டில் வளர்ந்தவர்கள், வேறென்ன கேட்பார்கள்! ராணி சம்மதித்தாள். எல்லோரும் கைதட்டினோம்.

மறு செஷன் அவர்கள் ஊமைமலைக்கு வெற்றியோடு திரும்பிப் போனபோது நான் ஒரு காட்சி வைத்தேன். எந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை. உப்பு இரண்டு பக்கமும் ஒரே விலை, பொதி தூக்க ஆள் வேண்டாம், பதினைந்து நாள் கூலி இனி பதினைந்து நாள் உழைத்தால்தான். வழிகாட்டிக் கிழவர் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து சாக்குச் செருப்பைப் பிரித்துச் சாக்காகவே தைத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து எப்படித் தொடர்வது என்று ஒரு வாரம் முழித்தேன். கடைசியில் கைகொடுத்தது ஃப்ளோரெந்தினோ கோய்கோச்சியா என்ற பாஸ்க் கடத்தல்காரர். இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் விழுந்த நேச நாட்டு விமானிகளை, தான் சரக்குக் கடத்திய அதே பிரனீஸ் மலைவழியாக, பிதாசோவா ஆற்றைக் கடந்து ஸ்பெயினுக்குக் கூட்டிப்போனவர், இருநூறுக்கும் மேற்பட்டவர்களை. சரக்குப் போன பாதையில் ஆட்கள் போகலாம். அதனால் இரவு பத்து மணிக்குக் கழிநாட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு அந்தத் திண்ணைக்கு வந்து நின்றாள், பின்னால் பந்த வெளிச்சம் ஏறி வந்துகொண்டிருந்தது. கிழவர் செருப்பைக் கீழே வைத்தார். சின்னவனைத் தூக்கிப் பார்த்து எடை போட்டார். "இது பாதிப் பொதிதான்" என்றார்.

நான் டப்பாவைத் திறந்து புளியங்கொட்டைகளை மறுபடி மேசையில் எண்ணி வைத்தேன்.